பந்தியில் பிறந்த கொள்கை: பவுலடியாரின் கலாத்தியர் திருமுகம்

கடிதம் என்பது உரையாடலின் ஒரு பாதி. மறு பாதி நம் கைக்கு வருவதில்லை. மூன்றாமவர் ஒருவர் அதனைப் பிரித்துப் படிக்க நேரும்போது, பெற்றவர் யார், அவருக்கும் எழுதியவருக்கும் இடையே நிகழ்ந்தது என்ன, எந்த வினாவுக்கு இது விடை என்பவற்றையெல்லாம் கடிதத்தின் உள்ளிருந்தே உய்த்துணர வேண்டியவராகிறார். விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் அடங்கிய 27 நூல்களுள் 21 நூல்கள் கடிதங்களாக எண்ணப்படுவன. அவற்றுள் 13 பவுலடியாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எனினும் அவற்றைக் கடிதங்களாகப் படிப்போர் சிலரே. கோயில்களில் அவை பத்தி பத்தியாக வாசிக்கப்படுகின்றன. சமய நூலார் கையில் கொள்கை விளக்க ஏடுகளாகின்றன. யார் யாருக்கு, எந்தச் சினத்தில், எந்தக் கவலையில் எழுதினார் என்பது பின்தள்ளப்பட்டு, எழுதியதன் சாரம் மட்டும் வடித்தெடுக்கப்படுகிறது. பவுலடியாருக்கே சிறப்பாக உரியதெனக் கருதப்படும் ஒரு கொள்கையை, அது பிறந்த திருமுகத்தினுள் வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சமயப் பற்று உடையார்க்கும் இல்லார்க்கும் பொதுவான இலக்கிய நோக்கு இது.

பவுலடியார் இயேசுவின் பன்னிரு சீடருள் ஒருவர் அல்லர். கலிலேயாவின் சிற்றூர்களில் இயேசு நடந்து போதித்த நாளில் உடன் சென்றவரும் அல்லர். சிலிசியா நாட்டுத் தர்சு நகரில் பிறந்தவர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறும். பென்யமீன் குலத்தவர், பரிசேயர், திருச்சபையைத் தொடக்கத்தில் துன்புறுத்தியவர் என்பவற்றை அவரே எழுதுகிறார். சவுல் என்பது அவரது எபிரேயப் பெயர். பவுல் என்பது உரோமப் பெயர். இலத்தீனில் இப்பெயருக்குச் சிறியவர் என்பது பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலம் இவரைச் சின்னப்பர் என்றே வழங்கினர். ஒலியைப் பெயர்க்காமல் பொருளைப் பெயர்த்து, அதனோடு அப்பர் என்னும் மதிப்பையும் கூட்டிய அந்தச் சொல்லாட்சி இன்று அருகிவிட்டமை ஓர் இழப்பே எனலாம். தூதர்களுள் தாம் கடையவர் என்று கொரிந்தியர்க்கு எழுதியவருக்கு அப்பெயர் நன்கு பொருந்தும். ஆயின் கடையவர் என்று தம்மைத் தாமே சொல்லிக்கொள்வது வேறு, பிறர் சொல்வது வேறு. இயேசுவைக் கண்ணால் கண்டு பழகாதவர் எவ்வாறு திருத்தூதராக முடியும் என்ற வினா அவர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. அவர் எழுத்தில் காணும் வெப்பத்திற்கு அந்த வினாவும் ஒரு காரணம்.

அவர் பெயரிலுள்ள 13 திருமுகங்களுள் உரோமையர், கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டு, கலாத்தியர், பிலிப்பியர், தெசலோனிக்கேயர்க்கு எழுதிய முதலாவது, பிலேமோன் ஆகிய ஏழும் அவரே எழுதியவை என்பதில் அறிஞரிடையே பெரிதும் உடன்பாடு உண்டு. எஞ்சிய ஆறனைப் பற்றிக் கருத்து வேறுபாடு நிலவுகிறது. இவ்வேழும் கி.பி. 50ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில், அதாவது நற்செய்தி நூல்கள் இன்றைய வடிவம் பெறுவதற்கு முன்னரே, எழுதப்பட்டவை. புதிய ஏற்பாட்டைத் திறந்தால் நற்செய்திகள் முதலில் நிற்பதால், பவுலடியார் அவற்றிற்கு உரை எழுதியவர் போலத் தோன்றுவார். காலமுறை இதற்கு மாறானது. இன்னொன்றும் கருதத்தக்கது. இத்திருமுகங்கள் எழுதப்பட்ட வரிசையில் அடுக்கப்படவில்லை. திருச்சபைகளுக்கு எழுதியவை முன்னும் தனியொருவர்க்கு எழுதியவை பின்னுமாக, பெரும்பாலும் நீளமானது முதலாகக் குறுகியது ஈறாக அவை அடுக்கப்பட்டுள்ளன. அதனால் உரோமையர்க்கு எழுதிய நீண்ட, நிதானமான திருமுகம் முன்னே நிற்கிறது. கலாத்தியர்க்கு எழுதிய சூடான திருமுகம் பின்னே நிற்கிறது. வாசகர் முன்னதைப் படித்து முடித்து, அதன் கண்ணாடியை அணிந்துகொண்டே பின்னதைப் படிக்கிறார். இந்த அடுக்குமுறை ஒரு திறனாய்வுப் பிழைக்கே வழிகோலிவிட்டது என்பது எம் கருத்து.

பவுலடியாரின் தனிக் கொள்கை எனப்படுவது யாது? மனிதன் திருச்சட்டம் விதித்த செயல்களால் அல்லாமல், கிறித்துவின்மீது கொண்ட விசுவாசத்தினாலேயே இறைவன்முன் நீதிமானாகிறான் என்பது. 16ஆம் நூற்றாண்டில் செருமானியத் துறவி மார்ட்டின் லூத்தர் இக்கொள்கையைத் தம் உயிர்மூச்சாகக் கொண்டார். தம் பாவத்தின் சுமையால் நெஞ்சம் கலங்கி, எத்தனை நோன்பு நோற்றும் அமைதி காணாத ஒருவர், அருள் இலவசமாகக் கிடைக்கிறது என்று கண்டு மகிழ்ந்தார். 1522இல் அவர் வெளியிட்ட புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பில், உரோமையர் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில், விசுவாசம் என்பதனோடு மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்னும் சொல்லையும் சேர்த்தார். அன்று முதல் இக்கொள்கை தனித்த உள்ளம் ஒன்று தன் மீட்பைப் பற்றிக் கேட்கும் வினாவுக்கு விடையாகவே படிக்கப்பட்டு வந்தது. இந்தப் படிப்பினால் ஐரோப்பியத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இப்பொருள்பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டது 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள்தான்.

இனிக் கலாத்தியர் திருமுகத்தைத் திறப்போம். இன்றைய துருக்கியின் உட்பகுதியில் இருந்த கலாத்தியாவில் பவுலடியார் நிறுவிய சபைகள் சில இருந்தன. அவற்றில் இருந்தோர் பெரும்பாலும் யூதரல்லாதோர். அவர் அங்கிருந்து அகன்றபின் வேறு போதகர் சிலர் வந்து, விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் சட்டத்தை மேற்கொண்டால்தான் நீங்கள் ஆபிரகாமின் மக்களாவீர்கள் என்று கூறினர். கலாத்தியர் மனம் அசைந்தது. செய்தி அவர் செவிக்கு எட்டுகிறது.

அக்காலக் கடித மரபில் வாழ்த்துக்குப் பின் நன்றியுரை வரும். மற்றத் திருமுகங்களில் பவுலடியார் அம்மரபைப் பெரிதும் போற்றுகிறார். ஒழுக்கக்கேடும் கட்சிச் சண்டையும் மலிந்த கொரிந்துச் சபைக்கு எழுதும்போதுகூட முதலில் அவர்களுக்காக இறைவனுக்கு நன்றி கூறிவிட்டே குற்றச்சாட்டைத் தொடங்குகிறார். கலாத்தியர் திருமுகத்தில் நன்றியுரை இல்லை. வாழ்த்து முடிந்த அடுத்த வரியிலேயே, இவ்வளவு விரைவில் மாறிவிட்டீர்களே என்று வியப்பும் சினமும் கலந்து வெடிக்கிறார். கேட்டவர் அந்த இடைவெளியை உடனே உணர்ந்திருப்பர். பின்னர்ச் சினம் தணியும் இடங்களும் உண்டு. முன்பு தாம் நோயுற்று வந்தபோது தம் கண்களையே பிடுங்கித் தந்திருக்கக் கூடியவர்கள் அவர்கள் என்று நினைவூட்டுகிறார். பிள்ளை பெறும் தாயைப் போல மறுபடியும் அவர்களுக்காக வேதனைப்படுவதாகச் சொல்கிறார். எதிராளிகளைப் பற்றிய ஓரிடத்திலோ நாகரிகத்தின் எல்லையைக் கடந்தே பேசிவிடுகிறார்; விருத்தசேதனத்தை வற்புறுத்துவோர் தம்மை முழுவதுமே அறுத்துக்கொள்ளட்டும் என்னும் அவ்வசையைக் கோயிலில் வாசிப்போர் எப்போதும் சற்று விரைந்தே வாசித்துக் கடப்பர். முடிவில் எழுதுபவர் கையிலிருந்து எழுதுகோலை வாங்கி, எவ்வளவு பெரிய எழுத்துகளில் தாமே எழுதுகிறார் பாருங்கள் என்கிறார். கொள்கை ஏடு எழுதுபவர் இவ்வாறெல்லாம் எழுதமாட்டார்.

இத்திருமுகத்தின் நடுநாடி இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. சிரியாவின் அந்தியோகியா நகரச் சபையில் யூதரும் யூதரல்லாதோரும் ஒன்றாக அமர்ந்து உண்டு வந்தனர். கேபா எனப்படும் பேதுருவும் அங்கு வந்தபோது அவர்களோடு அமர்ந்து உண்டார். பின்னர் எருசலேமிலிருந்து யாக்கோபின் சார்பினர் சிலர் வந்தனர். அவர்கள் வந்ததும் பேதுரு மெல்லப் பின்வாங்கித் தனியே விலகினார். அவரைக் கண்டு மற்ற யூதரும் விலகினர். பவுலடியாரின் உற்ற தோழரான பர்னபாவும் விலகினார். அதைக் கண்ட பவுலடியார் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கடிந்தார்.

இங்கு நிகழ்ந்தது ஒரு பந்தி விலக்கு. பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. யாரையும் பழிக்கவும் இல்லை. இலையிலிருந்து எழுந்து போனார், அவ்வளவே. சமபந்தி என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர்க்கு அந்தச் செயலின் கனத்தை விளக்க வேண்டுவதில்லை. எழுந்து சென்றவர் வாய்திறந்து எதுவும் சொல்லாவிடினும், அமர்ந்திருந்தவர்க்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது: நீ எம்மைப் போல் ஆனாலன்றி எம்மோடு உண்ணத் தகுதியற்றவன். பேதுரு யூதரல்லாதோரை யூதராக வாழும்படி கட்டாயப்படுத்துகிறார் என்று பவுலடியார் குற்றஞ்சாட்டுவதன் பொருள் இதுவே. விசுவாசத்தினால் நீதிமானாதல் என்னும் தொடர் இத்திருமுகத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவது இந்தக் கடிந்துரையின் தொடர்ச்சியிலேதான். பேதுருவை நோக்கிய பேச்சு எங்கே முடிகிறது, கலாத்தியரை நோக்கிய விளக்கம் எங்கே தொடங்குகிறது என்று எவராலும் கோடு கிழிக்க இயலவில்லை. மூல ஏட்டில் மேற்கோள் குறிகள் இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் முடிக்கின்றனர். பந்திச் சண்டை அப்படியே கொள்கையாக உருகி ஓடுகிறது.

இன்னும் கூர்ந்து நோக்கின் ஒரு மௌனம் புலப்படும். பேதுரு என்ன மறுமொழி கூறினார்? மீண்டும் வந்து அமர்ந்தாரா? பவுலடியார் சொல்லவில்லை. தம் வாழ்வில் வென்ற இடங்களை அவர் மறைப்பவர் அல்லர். சற்று முன்னர்தான், 14 ஆண்டுகள் கழித்து எருசலேமுக்குச் சென்றபோது தீத்துவை விருத்தசேதனம் செய்துகொள்ளும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றும், தூண்களாக மதிக்கப்பட்ட யாக்கோபும் கேபாவும் யோவானும் தமக்கு வலக்கை கொடுத்து உடன்பட்டனர் என்றும் நிமிர்ந்து எழுதினார். அந்தியோகியாவில் வென்றிருந்தால் அதையும் எழுதியிருப்பார். இன்றைய ஆய்வாளர் பலர் அன்று அவர் தனித்து விடப்பட்டார் என்றே கொள்கின்றனர். யாமும் அவ்வாறே கருதுகிறோம். திருத்தூதர் பணிகள் நூலோ இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடவே இல்லை. பவுலடியாரும் பர்னபாவும் பிரிந்ததற்கு, மாற்கு எனப்படும் யோவானை உடன் அழைத்துச் செல்வதா என்ற வேறொரு பூசலையே அது காரணமாகக் காட்டுகிறது. பிற்காலப் பெரியோர்க்கு இரு திருத்தூதர் மோதியது பெரும் இடர்ப்பாடாயிற்று. அலெக்சாந்திரியா கிளமெந்து இந்தக் கேபா வேறொருவர் என்றார். எரோணிமு அது பிறர் நன்மைக்காக இருவரும் கூடி நடத்திய நாடகம் என்றார். அகுஸ்தீன் அதை ஏற்கவில்லை; திருமறையில் பொய்யான நடிப்புக்கு இடம் கொடுத்தால் எதை நம்புவது என்று அவருக்கே கடிதம் எழுதினார். இவ்வழக்கில் அகுஸ்தீன் பக்கமே நியாயம் இருக்கிறது. நாடகமாயின் அச்சினம் இத்தனை நூற்றாண்டுக்குப் பின்னும் நம்மைச் சுடாது.

கொள்கைக்கு அவர் தரும் சான்றுகளுள் வலியவையும் உண்டு, மெலியவையும் உண்டு. ஆபிரகாம் இறைவனை நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்னும் செய்தி தொடக்கநூலின் 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. அவர் விருத்தசேதனம் பெற்றதோ 17ஆம் அதிகாரத்தில், 99ஆம் அகவையில். மோசேயின் சட்டம் அதற்கும் 430 ஆண்டுகள் கழித்தே வந்தது. பின் வந்தது முன் நின்ற வாக்கைத் தள்ளுபடி செய்ய இயலாது. உறுதி செய்யப்பட்ட மனிதருடைய உடன்படிக்கையையே எவரும் மாற்ற முடியாதே என்கிறார். எதிராளிகள் கையில் எடுத்த ஆபிரகாமையே அவர்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் வாதத்திறன் இது. ஆனால் ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளாக உருவகித்து, சீனாய் மலையையும் எருசலேமையும் அடிமைப்பெண் ஆகாரின் பக்கம் நிறுத்தும் நான்காம் அதிகாரப் பகுதி வலிந்து புனைந்ததாகவே படுகிறது. யூத வாசகர் எவரும் அதை ஏற்றிருக்க மாட்டார். பின்னாளில் யூதரை இழிவுபடுத்த முனைந்தோர்க்கு அப்பகுதி ஆயுதமாகியதையும் மறைப்பதற்கில்லை.

மொழிபெயர்ப்புப் பற்றியும் ஒரு சொல். திருச்சட்டத்தைப் பவுலடியார் ஓரிடத்தில் ஒரு கிரேக்கச் சொல்லால் உருவகிக்கிறார். சிறுவனைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, வழியில் கெட்டுப் போகாமல் காத்து, மீண்டும் அழைத்து வரும் வீட்டடிமையை அது குறிக்கும். அவன் ஆசிரியன் அல்லன். பையன் வளர்ந்ததும் அவன் வேலை முடிந்துவிடும். சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனை 'உபாத்தி' என்கிறது. உபாத்தியாயரை நாம் வாழ்நாள் முழுவதும் வணங்குவோம். ஆதலின் உருவகத்தின் முனை மழுங்கிவிடுகிறது. அதுபோலவே 'நீதிமான்' என்றவுடன் தமிழ் வாசகர் ஒழுக்கத்தால் உயர்ந்த சான்றோரை நினைப்பர். மூலச்சொல்லில் வீசுவது வழக்குமன்றத்தின் மணம். இவர் பக்கமே நியாயம் என்று நடுவர் தீர்ப்புரைப்பது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'ஏற்புடையவர்' என்று ஆள்கிறது. வழக்குமன்ற மணம் இதில் குறைந்தாலும், ஏற்றுக்கொள்ளப்படுதல் என்னும் கருத்து பந்திக்கு நெருங்கியது. கிறித்து உங்களை ஏற்றுக்கொண்டது போல நீங்களும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் உரோமையர்க்குக் கூறும் இடத்தோடு இது நன்கு இயைகிறது.

இவ்வாறு கொள்கையை அதன் பிறப்பிடத்தில் வைத்துக் காணும் முயற்சி கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. சுவீடன் நாட்டு அறிஞர் கிறிஸ்தர் ஸ்டெண்டால் 1963இல் எழுதிய கட்டுரையொன்றில், மேலைநாட்டாரின் குற்றவுணர்வை நாம் பவுலடியாரின்மேல் ஏற்றிப் படிக்கிறோம் என்றார். இ. பி. சாண்டர்ஸ் 1977இல் வெளியிட்ட நூலில், அக்கால யூத சமயம் நற்செயலை அடுக்கி மீட்பை விலைக்கு வாங்கும் சமயமாக இருந்ததில்லை, அருளும் உடன்படிக்கையுமே அதன் அடித்தளம் என்று சான்றுகளுடன் நிறுவினார். ஜேம்ஸ் டன் என்பார் திருச்சட்டச் செயல்கள் என்னும் தொடர், விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள் போன்று யூதரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டிய எல்லைக் குறிகளையே சிறப்பாகச் சுட்டும் என விளக்கினார். இவர்கள் கூற்று முழுவதையும் ஒப்ப வேண்டியதில்லை. உழைப்பவன் பெறுவது கூலி, உழையாதவன் பெறுவது கொடை என்னும் உரோமையர் நான்காம் அதிகார ஒப்புமை, எல்லைக் குறி என்னும் சிமிழுக்குள் அடங்காது. விரும்பும் நன்மையைச் செய்ய இயலாது விரும்பாத தீமையையே செய்கிறேன் என்னும் ஏழாம் அதிகாரத்துப் புலம்பலிலும் தனித்த நெஞ்சின் குரல் கேட்கவே செய்கிறது. லூத்தர் வெறுங்காற்றிலிருந்து எதையும் படைத்துவிடவில்லை. அவர் கேட்ட குரல் அங்கே இருக்கிறது. அந்தக் குரல் எழுந்த அறையில் வேறு பலரும் இலை போட்டுக் காத்திருந்தனர் என்பதே அவர் காணத் தவறியது.

பவுலடியாருக்கு எதிர்நிலையில் வழக்கமாக நிறுத்தப்படுவது யாக்கோபின் திருமுகம். லூத்தர் அதனை 1522இல் வைக்கோல் எனத் தாழ்த்திப் பேசினார். அதே ஆபிரகாமை, தொடக்கநூலின் அதே வசனத்தை எடுத்துக்கொண்டு, செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறது அது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் விசுவாசத்தினால் மட்டும் என்னும் தொடர் வரும் ஒரே இடம் இத்திருமுகந்தான்; அதுவும் மறுத்துரைக்கும் இடம். முரண் கூர்மையானது போலத் தோன்றும். ஆயின் யாக்கோபு சாடும் விசுவாசம் பேய்களுக்கும் உள்ள வெறும் ஒப்புதல். பவுலடியார் போற்றும் விசுவாசமோ அன்பின் வழியாகச் செயற்படுவது என்று கலாத்தியர் திருமுகமே வரையறுக்கிறது. அதனினும் சுவையானது யாக்கோபு தம் வாதத்தைத் தொடங்கும் காட்சி. பொன் மோதிரம் அணிந்த செல்வர் ஒருவரும் அழுக்குடை அணிந்த ஏழை ஒருவரும் கூட்டத்திற்கு வருகின்றனர். முன்னவர்க்கு நல்ல இருக்கை. பின்னவருக்கு நில் அங்கே, அல்லது என் கால்மனை அருகே தரையில் உட்கார் என்ற உத்தரவு. இங்கும் சிக்கல் யார் எங்கே அமர்வது என்பதே. இரு திருமுகங்களையும் கொள்கையளவில் மட்டும் மோதவிட்டவர்கள் இந்த ஒற்றுமையைப் பொருட்படுத்தவில்லை.

இது தமிழகத் திருச்சபையிலும் வெறும் ஏட்டுச் சிக்கலாக இருந்ததில்லை. தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறிய காலந்தொட்டே, இத்திருமுகங்களைக் கேட்ட சபைகளில் சாதிவாரியாக அமரும் வழக்கமும் இருந்து வந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருவிருந்திலும் இருக்கையிலும் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது; பலர் சபையை விட்டு விலகினர். அதற்கு முன்னரே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இத்தகைய மாற்றங்களை மறுத்து எழுதியிருந்தார். சாதி என்பது உலக வழக்கம், சமயத்தைச் சார்ந்தது அன்று என்பது அவர் தரப்பாரின் வாதம். பூ அலங்காரம், தமிழிசை, பழகிய மறைமொழிபெயர்ப்பு ஆகியவற்றின்மீதும் அக்கால மிசனரிமார் கைவைத்தனர் என்பதால் அந்த எதிர்ப்பில் தன்மான உணர்ச்சியும் கலந்திருந்தது. அதனை மதிப்போம். எனினும் உணவும் இருக்கையும் வழக்கம், விசுவாசம் வேறு என்னும் அந்தப் பிரிப்பைத்தான் அந்தியோகியாவில் பேதுரு நடைமுறையில் செய்தார். அதைத்தான் பவுலடியார் நற்செய்தியின் உண்மையோடு இணங்காத நடை என்றார். யூதர் தம் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று அவர் எங்கும் விதிக்கவில்லை. உண்பவன் உண்ணாதவனை இகழ வேண்டா, உண்ணாதவன் உண்பவனைக் குற்றஞ்சாட்ட வேண்டா என்று உரோமையர்க்கு இருபுறமும் பார்த்தே எழுதுகிறார். வழக்கம் ஒருவரை வெளியே நிறுத்தும் கதவாக மாறும்போதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அவர் தாமே தம் கொள்கையின் எல்லைவரை நடந்தாரா? யூதன் கிரேக்கன் என்றில்லை, அடிமை உரிமைக்குடி என்றில்லை, ஆண் பெண் என்றில்லை என மூன்று இணைகளைக் கலாத்தியர்க்கு எழுதினார். கொரிந்தியர்க்கு எழுதும்போது அதே கருத்தைத் திரும்பவும் கூறுகிறார். ஆனால் ஆண் பெண் என்னும் மூன்றாம் இணை அங்கு இல்லை. அத்திருமுகத்தில் ஓரிடத்தில் பெண்கள் சபையில் மன்றாடுவதையும் இறைவாக்கு உரைப்பதையும் இயல்பாகக் கொள்கிறார். இன்னோரிடத்தில் பெண்கள் சபையில் பேசாதிருக்க வேண்டும் என வருகிறது. பின்னது இடைச்செருகல் என்பார் உளர். அடிமையைப் பற்றியோ பிலேமோனுக்கு எழுதிய சிறு திருமுகம் உள்ளது, 25 வசனங்களே. பிலேமோனின் அடிமை ஒநேசிமு பவுலடியாரிடம் வந்து சேர்ந்திருக்கிறான். அவனைத் திருப்பி அனுப்புகையில், இனி அடிமையாக அல்ல, அன்பு உடன்பிறப்பாக ஏற்றுக்கொள் என்கிறார். அவன் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள், நானே தீர்ப்பேன் எனத் தம் கைப்பட எழுதித் தருகிறார். நீ உன்னையே எனக்குக் கடன்பட்டவன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன் என்று சொல்லியும் விடுகிறார். இந்த நயத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆயினும் விடுதலை செய் என்னும் சொல் அதில் இல்லை. பந்தியில் உடனமர்த்தும் அளவுக்கு வந்தவர் அடிமைமுறியைக் கிழித்தெறியும் அளவுக்கு வரவில்லை. அவர் காலத்தில் பெரும்பாலோர் வரவில்லை என்பது விளக்கமாகலாம். பிற்காலத்து அடிமை வணிகர் அத்திருமுகத்தையே தமக்குச் சான்றாகக் காட்டினர் என்பதும் வரலாறு.

கொரிந்துச் சபையிலும் அவரைச் சினங்கொள்ள வைத்தது பந்தியே. ஆண்டவரின் விருந்து எனக் கூடிய இடத்தில் ஒவ்வொருவரும் தத்தம் உணவை முந்தி உண்டனர். ஒருவர் பசித்திருக்க இன்னொருவர் குடித்து மயங்கினார். இல்லாதவரை வெட்கப்படுத்துகிறீர்களா என்று அவர் கேட்கிறார். திருவிருந்தை இயேசு நிறுவிய வரலாற்றை அவர் எழுதிவைத்தது இந்தக் கண்டனத்தின் நடுவில்தான். கொரிந்தியர் ஒழுங்காக உண்டிருந்தால், அச்செய்தியின் மிகப் பழைய எழுத்து வடிவம் நமக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம்.

அந்தியோகியாவில் கைவிடப்பட்டவர் எருசலேமோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை என்பதையும் நோக்க வேண்டும். தூண்கள் மூவரும் வலக்கை கொடுத்தபோது விதித்த ஒரே வேண்டுகோள் ஏழைகளை நினைவில் கொள்ளுமாறு. அதனை அவர் ஆண்டுக்கணக்கில் விடாது பற்றிக்கொண்டார். கொரிந்தியர் வாரத்தின் முதல் நாள்தோறும் இயன்றதை ஒதுக்கி வைக்கும்படி எழுதுகிறார்; மக்கெதோனியரின் வறுமையிலும் விளைந்த ஈகையைப் புகழ்ந்து கொரிந்தியரைச் சற்றே நாணச் செய்கிறார். யூதரல்லாதோர் கையிலிருந்து யூத ஏழைகளின் வாய்க்குச் சென்று சேர வேண்டிய பணம் அது. ஏறத்தாழ கி.பி. 57இல் உரோமையர்க்கு எழுதியபோது அதனை எடுத்துக்கொண்டு எருசலேமுக்குப் புறப்படும் நிலையில் இருந்தார். அங்குள்ள இறைமக்கள் தம் தொண்டை ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று தமக்காக மன்றாடும்படி உரோமையரைக் கேட்கிறார். பெறுபவர் மறுக்கக்கூடும் என்னும் அச்சம் கொடுப்பவருக்கு இருந்திருக்கிறது.

அப்பயணத்தைத் திருத்தூதர் பணிகள் நூல் விரிவாகவே கூறுகிறது. தீர் நகரில் ஏழு நாள் தங்கியது, செசரியாவில் பிலிப்புவின் வீட்டில் இருந்தது, எருசலேமில் யாக்கோபைக் கண்டது, கோயிலில் கலகம் எழுந்து பிடிபட்டது வரை எல்லாம் அதில் உண்டு. பணத்தைப் பற்றி, தம் இனத்தார்க்கு உதவி கொண்டு வந்ததாகப் பவுலடியார் ஆளுநர் முன் கூறும் ஒரு வாக்கு மட்டும் காணப்படுகிறது. யாக்கோபும் மூப்பரும் அதை வாங்கிக்கொண்டார்களா என்பது அந்நூலில் இல்லை.